ஆறு ஆட்சி கண்ட பேரன்னை

ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் ஆண்மக்களையே வரிசைப்படுத்துவர். பாட்டனார் வாங்கிய காணி, தந்தையார் வகித்த உத்தியோகம், தமையனார் கட்டிய வீடு என அந்த வரிசை நீளும். ஆனால், அந்தக் காணி பிரிபடாமலும் அந்த வீடு இரண்டுபடாமலும் நின்றதற்குக் காரணம் யாதென ஆராய்வோமாயின், திண்ணையிலே அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவரிடம் வந்து சேர்வோம். யார் யாருக்கு என்ன முறை, எவர் வீட்டுக் கலியாணத்தில் எவர் மனம் நொந்தார், எந்தக் கோயிலுக்கு எந்த நாளில் விளக்கேற்ற நேர்ந்திருக்கிறது, எவருடைய திவசம் எந்தத் திதியில் வருகிறது என்பனவெல்லாம் அவர் நெஞ்சிலே பதிந்திருக்கும். அவர் கண்மூடிய பின்னரே அவர் வகித்த இடம் எத்துணைப் பெரியது என்பது வீட்டாருக்குத் தெரியவரும்.

எளிய குடும்பங்களுக்குப் பொருந்தும் இவ்வுண்மை அரச குடும்பங்களுக்கும் பொருந்துவதே. சோழர் வரலாற்றைப் பாடசாலையிற் கற்பிக்கும்போது விசயாலயன், ஆதித்தன், பராந்தகன், இராசராசன், இராசேந்திரன் எனப் பெயர்களையும் போர்களையும் ஒப்புவிக்கச் செய்கின்றோம். பராந்தகனுக்கும் இராசராசனுக்கும் இடையே கிடக்கும் முப்பது ஆண்டுகளை, குழப்பமான காலம் என்று கூறி ஒரே மூச்சிற் கடந்துவிடுகின்றோம். அந்தக் குழப்பமான காலத்தின் ஊடே, ஆறு மன்னர்களின் ஆட்சியைத் தம் கண்ணாற் கண்டு, அக்குடும்பத்தின் நினைவைக் கல்லிலே நிலைநிறுத்திய மூதாட்டி ஒருவர் வாழ்ந்தார். செம்பியன் மாதேவியார் என்னும் அப்பெருமாட்டியின் நெடிய வாழ்வைப் பற்றியே இன்று நேயர்களுடன் சிறிது பேச விரும்புகின்றேன்.

செம்பியன் மாதேவி என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. செம்பியன் என்பது சோழரைக் குறிக்கும் பழஞ்சொல். ஆகவே, சோழனின் பெருந்தேவி என்பதே அப்பெயரின் பொருள். வேறு சில சோழ அரசியரும் அதே பட்டத்தைத் தாங்கியிருக்கின்றனர். கல்வெட்டுக்கள் இவரை மழவரையர் மகளார் என்றும், கண்டராதித்த தேவரின் தேவியார் என்றும், உத்தம சோழரை ஈன்ற தாயார் என்றும் அறிமுகஞ் செய்கின்றன. தந்தை, கணவர், மகன் என்னும் மூவரைக் கொண்டே ஒரு பெண்ணை அடையாளங் காட்டுவது அக்கால வழக்கம். காவிரியின் வடகரையில் மழநாட்டை ஆண்ட சிற்றரசர் குடியிற் பிறந்து, முதலாம் பராந்தகனின் மைந்தரான கண்டராதித்தருக்கு வாழ்க்கைப்பட்டுச் சோழர் மனைக்கு வந்தவர் இவர். பராந்தகன் காலத்தில், கி. பி. 941ஆம் ஆண்டளவில், சிவன் திருமுன்னே அணையாது எரியும் நந்தா விளக்கொன்றுக்கு அறம் வைத்த செய்தியே இவரைப் பற்றிய முதற் குறிப்பாக எடுத்துரைக்கப்படுகிறது. அவரைப் பற்றிய இறுதிச் செய்திகள் கி. பி. 1001ஆம் ஆண்டை ஒட்டியவை. ஒரு விளக்கிலே தொடங்கி அறுபது ஆண்டுகள் இடையறாது நீண்ட அறவாழ்வு அது.

அவர் மருமகளாக வந்த காலத்திற் சோழர் குடும்பம் உயர்ந்து கொண்டிருந்தது. ஆனால் அவ்வுயர்வு நெடுநாள் நிலைக்கவில்லை. கி. பி. 949இல் தக்கோலம் என்னும் இடத்திலே இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுடன் நிகழ்ந்த பெரும்போரில், பராந்தகனின் மூத்த மைந்தனும் பட்டத்து இளவரசனுமாகிய இராசாதித்தன் யானைமீது அமர்ந்தவாறே உயிர் துறந்தான். தொண்டைமண்டலம் கைநழுவியது. மூத்தவன் மாண்டமையால் அடுத்தவராகிய கண்டராதித்தரிடம் ஆட்சி வந்து சேர்ந்தது. வாளினும் வழிபாட்டிலே மனம் தோய்ந்தவர் அவர். தில்லைப் பெருமான்மீது அவர் பாடியதாகக் கொள்ளப்படும் திருவிசைப்பா ஒன்பதாந் திருமுறையில் இடம்பெற்றிருக்கிறது. அத்தகைய கணவரின் ஆட்சியும் சில ஆண்டுகளே நீடித்தது. கி. பி. 957ஆம் ஆண்டளவில் அவர் மறைந்தார். மேற்கெழுந்தருளின தேவர் என்று பிற்காலக் கல்வெட்டுக்கள் அவரைக் குறிப்பிடுகின்றன.

அப்போது அவர்தம் மைந்தர் மதுராந்தகர், பிற்காலத்தில் உத்தம சோழர் எனப் பெயர் பெற்றவர், சிறு குழந்தை. குழந்தையின் கையிலே செங்கோலைக் கொடுத்தற்கு ஏற்ற காலமாக அது இருக்கவில்லை. ஆகவே, கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயரிடமும், விரைவில் அவர் மைந்தர் சுந்தர சோழரிடமும் அரசுரிமை சென்றது.

கணவனை இழந்த அரசியர்க்கு அக்காலம் வகுத்திருந்த வழிகளுள் ஒன்று தீயை அடைவது. அதே குடும்பத்தில், சில ஆண்டுகளின் பின், சுந்தர சோழர் மறைந்தபோது அவருடைய தேவியாராகிய வானவன் மாதேவியார், இளங்குழந்தையையும் பிரிந்து கணவருடன் எரிபுகுந்தார் என்பதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டும் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் கூறுகின்றன. அவரே முதலாம் இராசராசனின் தாயார். செம்பியன் மாதேவியார் மேற்கொண்டது மற்றைய வழி. அவர் வாழ்ந்தார். கைக்குழந்தையை வளர்ப்பதற்காக வாழ்ந்தார். குழந்தை வளர்ந்து அரசனான பின்னும் வாழ்ந்தார். அவ்வரசன் மறைந்த பின்னரும் வாழ்ந்தார். கைம்மை பூண்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஆற்றிய பணிகளே அவருக்குப் புகழ் தந்தன. எரிபுகுந்த அரசியைப் புலவர் புகழ்ந்தனர். இருந்து தாங்கிய அரசியின் பெருமையை உணர்தற்கு அவர் எழுப்பிய கோயில்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று காணுதல் வேண்டும்.

அவர் தாங்கியது எளிய பாரமன்று. சுந்தர சோழரின் மூத்த மைந்தனும் வீரனுமாகிய ஆதித்த கரிகாலன், கி. பி. 970ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திற் கொலையுண்டான். அதனையடுத்து அரசுரிமை சுந்தர சோழரின் இளைய மைந்தனுக்குச் செல்லாமல், செம்பியன் மாதேவியாரின் மைந்தர் உத்தம சோழருக்குச் சென்றது. சிறிய தகப்பனாருக்கு ஆட்சியில் விருப்பம் உள்ளவரையில் தான் அதனை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அருண்மொழிவர்மன், அஃதாவது பின்னாளில் இராசராசன் எனப் புகழ்பெற்றவன், ஒதுங்கிக்கொண்டான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறும். கொலையிலே உத்தம சோழருக்குப் பங்கிருந்ததென வரலாற்றாசிரியர் சிலர் ஐயுற்றனர். வேறு சிலர் அதனை மறுத்தனர். கொலைசெய்த துரோகிகளின் நிலம் பறிமுதல் செய்யப்பட்டதைக் கூறும் உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது. அதன் வாசகத்தை வைத்துக்கொண்டு அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர்.

அந்த வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. ஒரு கிளைக்கும் மறு கிளைக்கும் இடையிலே இரத்தமும் ஐயமும் கிடந்த ஒரு வீட்டில், இரு கிளையாரும் மதித்த ஒருவர் இருந்தார் என்பதையே நாம் கருதவேண்டும். கி. பி. 985இல் இராசராசன் அரியணை ஏறியபோது, தன் ஆட்சிக்குத் தடையாயிருந்தவரின் அன்னையை அவன் புறக்கணிக்கவில்லை. அவருடைய கோயிற் பணிகள் அவன் ஆட்சியிலும் தொடர்ந்தன. திருவக்கரைக் கோயிலை அவர் கற்றளியாக்கியது இராசராசனின் பதினாறாம் ஆட்சியாண்டாகிய கி. பி. 1001இல் ஆகும். உத்தம சோழரின் மைந்தர் மதுராந்தகன் கண்டராதித்தன், பட்டத்துக்கு உரிமை கோரக்கூடியவராயிருந்தும், இராசராசனின் கீழ் உயர் அதிகாரியாக இருந்து கோயிற் கருமங்களை விசாரித்தார் எனக் கல்வெட்டுக்களால் அறிகின்றோம். பிற நாடுகளின் அரச வரலாறுகளிலே இத்தகைய பேரன்மார் பெரும்பாலும் சிறையிலோ புதைகுழியிலோ காணப்படுவர். சோழர் மனையில் அவ்வாறு நிகழாமைக்கு இராசராசனின் பெருந்தன்மை ஒரு காரணம். வீட்டிலே மூத்தவர் ஒருவர் உயிரோடிருந்தமையும் ஒரு காரணமாதல் கூடும் என்பது என் கருத்து. தாயை இழந்த அருண்மொழியும் அவன் தமக்கை குந்தவையும் இப்பெரிய பாட்டியாரின் அரவணைப்பிலேயே வளர்ந்தனர் என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, அவர் செய்த பணியை நோக்குவோம். தேவாரம் பாடிய நாயன்மார் வழிபட்ட சோழநாட்டுத் தலங்களிற் பல, செங்கல்லாலும் சுண்ணத்தாலும் மரத்தாலும் அமைந்தவை. மழையும் காவிரி வெள்ளமும் அவற்றை அரித்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கருங்கல்லாற் புதுக்கிக் கற்றளிகளாக்கும் பணி முன்னரே தொடங்கியிருப்பினும், அதனை வாழ்நாள் முழுதும் ஏற்றுச் செய்தவர் செம்பியன் மாதேவியாரே. திருநல்லம் எனப்படும் கோனேரிராசபுரம், திருமுதுகுன்றம் எனப்படும் விருத்தாசலம், திருவாரூர் அரநெறி, திருக்கோடிகாவல், தென்குரங்காடுதுறை எனப்படும் ஆடுதுறை, ஆனாங்கூர், குத்தாலம் என இன்று வழங்கும் திருத்துருத்தி, திருமணஞ்சேரி, திருவக்கரை ஆகியவை அவர் கைபட்ட தலங்களுட் சில. நாகபட்டினத்துக்கு அணித்தே தம் பெயரால் அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊரிலே கயிலாயநாதர் கோயிலையும் அவர் எழுப்பினார்.

காவிரிப் படுகை வண்டல் நிலம். அங்கே தோண்டினால் களிமண் கிடைக்கும், பாறை கிடையாது. ஒவ்வொரு கல்லையும் தொலைவிலுள்ள பாறை நிலங்களிலே பிளந்து, வண்டியிலும் படகிலும் ஏற்றிக் கொணர்தல் வேண்டும். கற்றச்சர், சிற்பியர், கணக்கர், வண்டிக்காரர், அவர்க்குச் சோறிடுவோர் எனப் பெரியதொரு கூட்டம் ஆண்டுக்கணக்காக இயங்கினாலன்றி ஒரு கற்றளி எழாது. ஒன்று முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கி, அவற்றின் நித்திய பூசைக்கு நிலமும், திருவிளக்குக்கு நெய்யும், திருமேனிக்கு அணிகலனும் நிவந்தமாக வைத்து, அவை ஒழுங்காக நடைபெறுகின்றனவா என்று மேற்பார்வையும் செய்தார். ஓர் அரசாங்கத் திணைக்களத்தின் பணியை ஒரு மூதாட்டி தம் மாளிகையிலிருந்து நடத்தினார் என்று கூறினாலும் மிகையாகாது. அவருடைய பொருள் அரண்மனைப் பொருள். அது உழவர் செலுத்திய நெல்லிலிருந்து வந்தது. அதனை மறத்தல் வரலாற்றுக்கு அழகன்று. அந்த நெல்லைக் கொண்டு மாடமாளிகை எழுப்பாமல், ஊரார் கூடும் பொதுவிடங்களை எழுப்பினார் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

அவர் எழுப்பிய கோயில்களின் வெளிச்சுவரிலே தேவகோட்டங்கள் பெருகின. அவற்றுள் ஆடல்வல்லானின் உருவத்துக்குச் சிறப்பிடம் தரப்பட்டது. கணவர் பாடிய தில்லைக் கூத்தனை, மனைவியார் ஊர்தோறும் கல்லிலே ஆடச்செய்தார் போலும். அவர் காலத்து வார்க்கப்பட்ட செப்புத் திருமேனிகளின் நெடிய மெல்லுருவையும் அமைதியையும் கண்ட கலை வரலாற்றாசிரியர், அவற்றைச் செம்பியன் மாதேவி காலத்துக் கலைப்பாணி என்றே தனித்துப் பேசுவர். அரசரின் பெயரால் அன்றி அரசி ஒருவரின் பெயரால் ஒரு கலைப்பாணி வழங்குவது நம் வரலாற்றில் அரிதினும் அரிது.

இப்பணிகளுள் இரண்டை நேயர்கள் நெஞ்சில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன். முதலாவது திருநல்லத்தில் உள்ளது. அக்கோயிலை அவர் தம் கணவர் கண்டராதித்தரின் திருப்பெயரால் எழுப்பினார். அதன் சுவரில், கண்டராதித்தர் சிவலிங்கத்தைத் தொழுதுகொண்டிருக்கும் சிற்பம் ஒன்று உண்டு. மைந்தர் உத்தம சோழர் அரசு செலுத்தும் காலத்தில், கணவரின் பெயரால் இக்கற்றளியை எடுப்பித்து, இறைவன் திருவடியைத் தொழுகின்றவராக அவரை இங்கே எழுந்தருளச் செய்தார் என்பது அதன்கீழ் உள்ள கல்வெட்டின் கருத்து. கணவர் மறைந்து ஆண்டுகள் பல கழிந்த பின் எழுந்த சிற்பம் அது. மன்னர்கள் தம்மை வாளோடும் குதிரையோடும் காட்ட விரும்புவர். தம் கணவர் எவ்வாறு நினைக்கப்பட வேண்டும் என்பதை முடிவுசெய்யும் உரிமை கைக்கு வந்தபோது, கூப்பிய கையோடு அவரை நிறுத்தினார் அம்மனைவியார். அதே கோயிலிலே, அதனைக் கட்டிய ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்பவரின் உருவமும், அவர் அரசியிடம் பெற்ற இராசகேசரி மூவேந்தவேளான் என்னும் பட்டமும் பொறிக்கப்பட்டுள்ளன. கல் சுமப்பித்துக் கட்டுவித்தவரையும் அரசரோடு ஒரே கோயிலில் நினைவுகொள்ளச் செய்த உள்ளம் பெரிது.

இரண்டாவது திருக்கோடிகாவலில் நிகழ்ந்தது. அங்கே பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளியாக்கியபோது ஓர் இடர்ப்பாடு தோன்றிற்று. பழைய கற்களிலே பல்லவர் காலத்தும் பாண்டியர் காலத்தும் முற்சோழர் காலத்தும் மக்கள் வைத்த அறங்கள் எழுதப்பட்டிருந்தன. ஒருவர் ஒரு விளக்குக்குப் பொன் கொடுத்திருப்பார். மற்றொருவர் திருவமுதுக்கு ஒரு துண்டு நிலம் விட்டிருப்பார். கட்டடம் பிரிக்கப்பட்டால் அக்கற்கள் சிதறும். கற்கள் சிதறினால் அவ்வறங்களைச் செய்தோர் பெயரும், அவற்றை நடத்தவேண்டியோர் கடமையும் ஒருங்கே அழியும். புதிய கோயில் கட்டுவோர் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. பழைய எழுத்து அழிந்தால் புதிய புகழுக்கு இடம் கிடைக்கும் என்று எண்ணுவோரும் உளர். செம்பியன் மாதேவியார், சிதறிக்கிடந்த அப்பழங்கல்வெட்டுக்களை வாசித்து, புதிய சுவரிலே மீண்டும் படியெடுத்துப் பொறிக்கும்படி செய்தார். அவ்வாறு பொறிக்கப்பட்டவற்றில், இதுவும் ஒரு பழங்கற்படி என்னும் குறிப்பு இன்றும் காணப்படுகிறது. பழைய கல்லின் படி இது, புதிதாக நாம் எழுதியதன்று என்பது அதன் பொருள்.

வரலாறு கற்பிப்பவன் என்ற முறையிலே, அந்தச் சிறு குறிப்பைப் போல் என் உள்ளத்தைத் தொட்டது வேறில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, மூலம் எது, படி எது என்னும் வேறுபாட்டை மறைக்காமல் எழுதிவைத்த நேர்மை அது. அதனினும் பெரியது, தமக்கு முன்னிருந்தோரின் நன்றியை அழியவிடலாகாது என்னும் உணர்வு. பிற குலத்து மன்னர் காலத்தில் யாரோ ஒருவர் ஏற்றிய விளக்கையும் தம் வீட்டு விளக்காகக் கருதிய ஒருவரே அதனைச் செய்யக்கூடும். குடும்பத்துப் பெரிய ஆச்சி செய்யும் வேலையும் இதுவன்றோ? இறந்தவரின் கடனையும் நேர்த்தியையும், இருப்பவர் மறந்துவிடாதபடி வாயாற் படியெடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவரே.

பிறரை நினைந்தவரை அவர்தம் குடும்பமும் மறக்கவில்லை. சித்திரைத் திங்கட் கேட்டை நாள் அவர் பிறந்த நாள். உத்தம சோழரின் தேவியர், அஃதாவது அவருடைய மருமகள்மார், தம் மாமியாரின் பிறந்த நாளிலே செம்பியன் மாதேவிக் கோயிலிற் சிறப்பு வழிபாடு நிகழ்வதற்கு நிவந்தம் வைத்தனர். மாமி மருமகள் உறவைப் பற்றி நம்மிடையே வழங்கும் பழமொழிகள் பலவும் கசப்பானவை. மருமகள்மார் கூடி மாமியாரின் பிறந்த நாளைக் கொண்டாடியதை ஒரு கற்சுவர் சான்று கூறுவது மனத்துக்கு இதமளிக்கிறது. பெற்றோர் இட்ட பெயர் மறைந்து, பிறந்த நட்சத்திரம் நிலைத்துவிட்டது. அன்புடையோர் கொண்டாடியமையால் நிலைத்தது அது.

அவர் மறைந்த பின், கி. பி. 1019இல், இராசராசனின் மைந்தன் இராசேந்திரன் செம்பியன் மாதேவிக் கோயிலில் அவருடைய திருவுருவை எழுந்தருளுவித்து, அதன் வழிபாட்டுக்கும் வகைசெய்தான். முறையிலே அவர் அவனுக்குப் பூட்டியார். கங்கையும் கடாரமும் கொண்டவன் என்று உலகம் புகழும் அவ்வேந்தன், பாட்டனாரின் பெரிய தாயாரை நினைந்து ஒரு படிமம் அமைத்தான் என்பதைப் பாடநூல்கள் கூறுவதில்லை. வாசிங்டன் நகரிலுள்ள ஃபிரீயர் கலைக்கூடம் 1929ஆம் ஆண்டிலே பெற்ற செப்புத் திருமேனி ஒன்றை, செம்பியன் மாதேவியாரின் உருவே என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். தேவியின் உருவோ அரசியின் உருவோ என்னும் வாதம் முடிவுறவில்லை. இரண்டும் ஒன்றாகத் தோன்றும்படி வார்க்கத் தக்க மதிப்பு ஓர் அன்னைக்கு இருந்தது என்பதே நமக்குப் போதுமானது.

நினைவுகொள்ளும் இப்பழக்கம் அக்குடும்பத்திலே ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்றதையும் காண்கின்றோம். செம்பியன் மாதேவியார் கணவரின் உருவைத் திருநல்லத்தில் அமைத்தார். குந்தவையார் தம் தந்தை சுந்தர சோழரின் உருவையும் எரிபுகுந்த தாயின் உருவையும் தஞ்சைப் பெருங்கோயிலில் எழுந்தருளுவித்தார். இராசேந்திரன் செம்பியன் மாதேவியாரின் உருவை அமைத்ததோடு, தன் சிறிய தாயாராகிய பஞ்சவன் மாதேவியாரின் நினைவாகப் பழையாறைப் பகுதியில் ஒரு கோயிலும் எழுப்பினான். கற்றளி எழுப்பும் கலையைப் போலவே, நன்றி மறவாமையும் மூத்தவரைப் பார்த்து இளையவர் கற்றுக்கொள்வது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இம்மரபின் சுவடு நம் நாட்டிலும் உண்டு. பொலன்னறுவையிலே, இரண்டாம் சிவாலயம் என்று தொல்பொருளாளர் எண்ணிட்டு வழங்கும் சிறு கோயிலைப் பலர் பார்த்திருப்பர். கருங்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் அமைந்து, இன்றும் ஏறத்தாழ முழுமையாக நிற்பது அது. கி. பி. 993ஆம் ஆண்டளவிலே தொடங்கிய சோழர் படையெடுப்பு, அனுராதபுர அரசை வீழ்த்திப் பொலன்னறுவையைத் தலைநகராக்கியது. அவ்வாட்சி கி. பி. 1070ஆம் ஆண்டளவில் விசயபாகுவினால் முடிவுற்றது. போரினால் விளைந்த அழிவை எவரும் மறைத்தற்கில்லை. ஆயினும், அந்தக் காலத்திலிருந்து எஞ்சிய அக்கோயில் தாங்கும் பெயர் வெற்றிவேந்தன் ஒருவனின் பெயரன்று. வானவன் மாதேவி ஈசுவரம் என்பதே அதன் பெயர் எனக் கல்வெட்டு அறிவிக்கிறது. சோழ அரசி ஒருவரின் பெயரைத் தாங்கிய கற்றளி, செம்பியன் மாதேவியார் வளர்த்த கட்டடக் கலையின் வழியிலே, கடல் கடந்தும் எழுந்தது. படைகள் போயின, அரசுகள் போயின, பெண்ணொருத்தியின் பெயர் கல்லிலே நிற்கிறது.

இவற்றையெல்லாம் நினைக்கும்போது, நம் வீடுகளைப் பற்றியும் எண்ணாதிருக்க முடியவில்லை. மாணாக்கரைத் தம் குடும்ப வமிசத்தை எழுதிவரும்படி பணித்தால், தந்தை வழியில் மூன்று தலைமுறைப் பெயர்களை ஒருவாறு எழுதிவிடுவர். பாட்டியின் தாயார் பெயரைக் கேட்டால், பேனா நின்றுவிடும். வீட்டிற் சென்று கேட்டு வாருங்கள் என்றால், கேட்பதற்கு உரியவர் இப்போது இல்லை என்று சிலர் கூறுவர். நம் தலைமுறை இழந்த பழங்கற்கள் மிகப் பல. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1990களில் இடம்பெயர்ந்தோர், அவர் தமிழராயினும் முசிலிம்களாயினும், காணி உறுதிகளையும் சாதகக் குறிப்புக்களையும் கலியாணப் படங்களையும் விட்டுவிட்டே ஓடினர். 2004ஆம் ஆண்டுக் கடற்கோள், எஞ்சியவற்றையும் கரையோர வீடுகளிலிருந்து அள்ளிச் சென்றது. அவ்வாறு மூலம் அழிந்த வீடுகளிலே, பழைய எழுத்துப் பதிந்த கல்லாக எஞ்சியிருப்பவர் ஆச்சி ஒருவரே. அவர் சொல்லும் பெயர்களும், முறைகளும், இன்ன மரத்தடியில் இன்ன தெய்வம் இருந்தது என்னும் நினைவும் வேறெங்கும் எழுதப்படவில்லை.

கருங்கல்லும் சிற்பியும் நம்மிடம் இல்லாமற் போகலாம். ஓர் அப்பியாசக் கொப்பியும் ஒரு மாலைப்பொழுதும் எவர் வீட்டிலும் உண்டு. பள்ளி விடுமுறையிலே பேரப்பிள்ளை ஒன்று ஆச்சியின் அருகே அமர்ந்து, அவருடைய தாயாரின் பெயர் என்ன, அவர் பிறந்த ஊர் எது, அவர் யாருக்காக எந்தக் கோயிலிலே விளக்கேற்றினார் என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதட்டும். தெரிந்ததைத் தெரிந்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதட்டும். எழுதி முடித்தபின், திருக்கோடிகாவலின் சுவரிலே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முதிய அரசியின் ஆணையால் உளி பொறித்த குறிப்பை அதன் தலைப்பிலே இட்டுவைக்கட்டும். இதுவும் ஒரு பழங்கற்படியே.